கைப்பிடித்துக் கடக்கும் சாலை: தில்லியில் ஓர் அறிவுரையின் வரலாறு

எதிர்வீட்டுச் சிறுமிக்கு ஏழு வயது. அவளுடைய தாயாருக்கு வேலைநேரம் மாறியதால், பள்ளி வேன் நிற்குமிடத்திலிருந்து அவளை வீட்டுக்கு அழைத்துவரும் பொறுப்பு ஒரு மாதமாக என்னிடம் இருக்கிறது. முதல் வாரத்தில், பள்ளி பெற்றோருக்கு அனுப்பிய சுற்றறிக்கை ஒன்றை அவள் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். சாலைப் பாதுகாப்பு பற்றிய பத்துக் குறிப்புகள். கடைசிக் குறிப்பு: ‘சாலையைக் கடக்கும்போது உங்கள் குழந்தைக்கு நீங்களே முன்மாதிரியாக இருங்கள்.’

அன்று மாலையே நான் அந்தக் குறிப்பை மீறினேன். வேன் எங்களை இறக்கிவிடுவது ஆறு தடங்கள் கொண்ட ஒரு சாலையின் எதிர்ப்புறத்தில். சிக்னல் அரைக் கிலோமீட்டருக்கு அப்பால். நடுத்தடுப்பில் யாரோ கம்பியை வளைத்து உண்டாக்கிய ஓர் இடைவெளி இருக்கிறது. அந்தப் பகுதியில் எல்லோரும் அதன் வழியாகத்தான் போகிறார்கள். நானும் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். மறுபுறம் வந்தபின் அவள் சொன்னாள்: “கோடு போட்ட இடத்துலதான் போகணும்னு மிஸ் சொன்னாங்க அண்ணா.”

குற்றவுணர்வு தணிவதற்காகத் தேடத் தொடங்கியதுதான் இப்பதிவாக நீண்டுவிட்டது. நகர வரலாறு படிக்கும் மாணவன் என்ற முறையில் எனக்கு எழுந்த கேள்வி எளியது. ‘முன்மாதிரியாக இருங்கள்’ என்னும் வாக்கியம் எங்கிருந்து வந்தது? அது யாரை நோக்கிப் பேசுகிறது, யாரைப் பேசாமல் விடுகிறது?

குழந்தைக்குச் சாலையைக் கடக்கக் கற்றுத்தர வேண்டும் என்ற எண்ணமே மோட்டார் வண்டியோடு பிறந்தது. அதற்கு முன் தெரு நடப்பதற்கும் விற்பதற்கும் விளையாடுவதற்குமான இடமாக இருந்தது. வண்டி ஓட்டுபவர்தாம் ஆளைப் பார்த்து ஓட்ட வேண்டியிருந்தது. அமெரிக்க நகரங்களில் 1910களிலும் 1920களிலும் இந்தப் பொறுப்பு எவ்வாறு தலைகீழானது என்பதை வரலாற்றாசிரியர் பீட்டர் நார்ட்டன் 2008இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். நகரத்து நடைமுறை அறியாத பட்டிக்காட்டான் என்னும் பொருளில் ‘ஜேவாக்கர்’ என்றொரு ஏளனச் சொல் புழக்கத்துக்கு வந்தது. மோட்டார் சங்கங்கள் பள்ளிகளுக்குள் நுழைந்து மாணவர் காவல் குழுக்களை அமைத்தன. தெரு வண்டிக்கு உரியது, அதில் கால் வைப்பவர் கவனமாக இருக்க வேண்டும் என்ற புதிய ஒழுங்கு, முதலில் குழந்தைகளுக்குப் பாடமாகவே கற்பிக்கப்பட்டது. பாடமாக வரும் எதையும் பெரியவர்கள் எதிர்த்துப் பேசுவது கடினம்.

நம் பிள்ளைகள் இன்றும் ஒப்பிக்கிற ‘வலப்புறம் பார், இடப்புறம் பார், மீண்டும் வலப்புறம் பார்’ என்ற வரிசை இங்கிலாந்திலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கு ‘கெர்ப் டிரில்’ என்ற பெயரில் பரவிய பயிற்சி அது. நடைபாதை விளிம்பில் நில், கண்களைத் திருப்பு, சாலை காலியாக இருந்தால் நேராக நட என்னும் அதன் கட்டளைகள் இராணுவ அணிவகுப்பின் மொழியிலேயே அமைந்திருந்தன. அடுத்து வந்தவன் டஃப்டி என்னும் அணில். எல்ஸி மில்ஸ் 1953இல் படைத்த இந்தக் கதைமாந்தன் 1961இல் ஒரு குழந்தைகள் மன்றமாகவே வளர்ந்தான். டஃப்டி அம்மா சொன்னதைக் கேட்பான், கையைப் பிடித்துக்கொள்வான். அவனுடைய தோழன் வில்லி சொல்பேச்சுக் கேளாமல் ஐஸ்கிரீம் வண்டியை நோக்கி ஓடி அடிபடுவான். இக்கதைகளில் ஓட்டுநருக்கு அனேகமாக முகமே இல்லை. தவறு குழந்தையினுடையது, அதைத் தடுத்திருக்க வேண்டியவள் தாய். நம் சுற்றறிக்கையின் பத்தாவது குறிப்புக்கு இங்கே ஒரு மூதாதை இருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

இதே காலத்தில் ஸ்வீடனில் ஸ்டீனா சாண்டெல்ஸ் என்ற உளவியலாளர் வேறொரு கேள்வியை எழுப்பிக்கொண்டிருந்தார். சிறு குழந்தைகளைத் தெருவில் நேரடியாகக் கவனித்தும் சோதித்தும் அவர் 1960களில் வந்தடைந்த முடிவு, போக்குவரத்துக்கு ஏற்பக் குழந்தையை முழுமையாக மாற்றியமைக்க முடியாது என்பது. குழந்தையின் உயரம், பார்வைப்புலம், ஒலி வரும் திசையை உணரும் திறன், ஒன்றில் மூழ்கிவிடும் இயல்பு ஆகியவை அறிவுரையால் மாறுவன அல்ல. பிற்காலச் சோதனைகளும் இதை உறுதிசெய்தன. ஜான் வான் குழுவினர் 2011இல் இங்கிலாந்தில் வெளியிட்ட ஆய்வின்படி, தொடக்கப் பள்ளி வயதுக் குழந்தைகளால் மணிக்கு ஏறத்தாழ 32 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் நெருங்கும் வண்டியை நம்பகமாக உணர முடிவதில்லை. கண்ணில் விழும் உருவம் பெரிதாகிக்கொண்டே வருவதை அவர்களின் பார்வை அமைப்பு போதிய விரைவில் பற்றிக்கொள்வதில்லை. ஆக, எதிர்வீட்டுச் சிறுமி ஒழுங்காக இருபுறமும் பார்த்தாலும், ஐம்பதில் வரும் கார் நின்றுகொண்டிருப்பதைப் போல அவளுக்குத் தோன்றக்கூடும். பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறோம். பார்த்தது என்ன என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சாண்டெல்ஸின் நாட்டில் இந்தச் சிந்தனை மெல்ல அரசியலாகவும் கனிந்தது. மனிதர் தவறு செய்வர், அந்தத் தவறு மரணமாக முடியாதபடி சாலையை அமைப்பது அமைப்பாளரின் கடமை என்னும் ‘சுழிய இலக்கு’க் கொள்கையை ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997 அக்டோபரில் ஏற்றுக்கொண்டது.

அடுத்த மாதம், 1997 நவம்பர் 18ஆம் நாள் காலை, வடதில்லியின் வஜீராபாதில் லட்லோ காசில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற பேருந்து யமுனையில் விழுந்தது. 28 குழந்தைகள் மாண்டனர். தில்லியில் அன்று பள்ளியில் படித்துக்கொண்டிருந்த எவரிடம் கேட்டாலும் அந்த நாள் நினைவிருக்கும். எனக்கு முந்தைய தலைமுறை நண்பர் ஒருவர் இன்றும் வஜீராபாத் பக்கம் போகும்போது பேச்சை நிறுத்திவிடுவார்.

இரண்டு நாள் கழித்து, நவம்பர் 20ஆம் நாள், எம். சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தில்லிப் போக்குவரத்து குறித்து ஆணைகள் பிறப்பித்தது. கனரக வண்டிகளுக்கு மணிக்கு 40 கிலோமீட்டர் வரம்பும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும், முந்திச் செல்லத் தடை, பேருந்துகள் தமக்குரிய தடத்திலேயே செல்ல வேண்டும், நிறுத்தத்தில் மட்டுமே நிற்க வேண்டும் என்பன அவற்றுள் சில. டிசம்பரில் பள்ளிப் பேருந்துகளுக்கான தனி விதிகள் வந்தன: சன்னல்களில் குறுக்குக் கம்பி, முதலுதவிப் பெட்டி, பள்ளியின் பெயரும் தொலைபேசி எண்ணும், அனுபவமுள்ள ஓட்டுநர், உடன் ஓர் உதவியாளர். இன்று இந்தியா முழுதும் பள்ளி வண்டிகளில் நாம் காணும் பல ஏற்பாடுகளின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இந்த ஆணைகளை நான் மதிப்புடனேயே வாசிக்கிறேன். பொறுப்பை ஓட்டுநர்மீதும் வண்டிமீதும் வைத்த அரிய தருணம் அது. ஆனால் அவற்றின் அக்கறை பெரும்பாலும் வண்டிக்குள் இருக்கும் குழந்தையைப் பற்றியது. பேருந்திலிருந்து இறங்கிய குழந்தை சாலையின் மறுபுறம் போய்ச் சேர வேண்டும் என்பது அந்த விவாதத்தின் மையத்துக்கு வரவில்லை. தில்லியின் சாலை மரணங்களிலோ பல ஆண்டுகளாக ஏறத்தாழப் பாதிப் பேர் நடந்து சென்றவர்கள்.

நடப்பவருக்கு உரிமை இல்லாமலும் இல்லை. 1989ஆம் ஆண்டின் சாலை விதிமுறைகளில் பதினொன்றாம் விதி, காவலரோ சிக்னலோ இல்லாத பாதசாரிக் கடவையில் நடப்பவருக்கே முன்னுரிமை என்று தெளிவாகச் சொன்னது. சட்டம் படிக்கும் நண்பர்களிடம் இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். சட்டப் புத்தகத்தில் இருந்த இந்த முன்னுரிமையைத் தில்லிச் சாலையில் ஒரு குழந்தை ஒருமுறையேனும் கண்ணால் பார்த்திருக்குமா என்பதுதான் கேள்வி. முன்மாதிரி என்பது பார்த்துக் கற்பது அல்லவா?

குழந்தைகள் அதைப் பார்ப்பதற்கென்றே தில்லிக் காவல்துறை ஓர் இடம் வைத்திருக்கிறது. பாபா கரக் சிங் மார்கில் இருப்பதைப் போன்ற போக்குவரத்துப் பயிற்சிப் பூங்காக்களில் சிறு சாலைகள், சிறு சிக்னல்கள், வெள்ளைக் கோடுகள் எல்லாம் உண்டு. பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் அழைத்து வரப்படுகிறார்கள். அங்கே சிவப்பு எரிந்தால் எல்லாம் நிற்கும். பிள்ளைகள் மகிழ்ச்சியாகக் கடக்கிறார்கள். பிறகு வாயிலைத் தாண்டி வெளியே வருகிறார்கள். பூங்காவைக் குறை சொல்வது என் நோக்கமன்று. அந்த வாயிலுக்கு உள்ளும் புறமும் இரண்டு வெவ்வேறு நாடுகள் இருப்பது ஏன் என்பதே வரலாற்றுக் கேள்வி.

விடையின் ஒரு பகுதி 1982இல் இருக்கிறது. ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகத் தலைநகரில் மேம்பாலங்கள் எழுந்தன. மூல்சந்த் மேம்பாலம் அவற்றுள் ஒன்று. 2010 காமன்வெல்த் போட்டிக்கு முன்பு அந்த வேட்கை இன்னும் பெருகியது. வட்டச் சாலையைச் ‘சிக்னலற்ற’ சாலையாக்குவது பெருமைக்குரிய இலக்காகப் பேசப்பட்டது. காரில் இருப்பவருக்குச் சிக்னல் ஒரு தடை. நடப்பவருக்கோ சாலை ஒரு நிமிடம் தன்னுடையதாகும் ஒரே வாய்ப்பு அது. சிக்னலை நீக்கும்போது கூடவே கடவையும் போய்விடுகிறது. அதன் இடத்தில் நடைமேம்பாலமோ சுரங்கப்பாதையோ வருகிறது. சாலை தரைமட்டத்தில் வண்டிக்கு, மனிதர் படியேற வேண்டும். கையில் ஒரு குழந்தை, இடுப்பில் ஒன்று, தோளில் பை என்று வரும் தாய் நாற்பது ஐம்பது படி ஏறி இறங்குவாளா, கம்பி இடைவெளியில் நுழைவாளா? தில்லி வளர்ச்சி ஆணையத்தின் கீழ் 2008இல் அமைந்த யுடிபெக் என்ற மையமே தன் தெரு வடிவமைப்பு நெறிகளில் தரைமட்டக் கடவையை வலியுறுத்தியது. அப்படியும் நடைமேம்பாலங்கள் குறைந்தபாடில்லை. காமன்வெல்த் போட்டிக்கு இரு வாரம் இருக்கையில், 2010 செப்டம்பர் 21 அன்று, ஜவகர்லால் நேரு அரங்கருகே கட்டி முடியாத நடைமேம்பாலம் ஒன்று இடிந்து விழுந்தது. அதை உவமையாக்கிக் கொள்ள ஆசை எழுகிறது, அடக்கிக்கொள்கிறேன்.

இந்தக் கதையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இடையில் வந்து போன ஒரு சோதனை. அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை, ஆறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவில், 2008 ஏப்ரலில் தொடங்கிய பிஆர்டி பேருந்துத் தடம். தில்லி ஐஐடியில் தினேஷ் மோகன், கீதம் திவாரி ஆகியோரின் ஆய்வுக் குழுவின் சிந்தனை அதன் பின்னணியில் இருந்தது. சாலையின் நடுவே பேருந்துக்குத் தனித்தடம். நிறுத்தங்களும் சந்திப்புகளை ஒட்டி நடுவிலேயே. பேருந்து ஏறும் ஒவ்வொருவரும் சாலையைக் கடந்தே ஆக வேண்டும் என்பதால், கடப்பது விதிவிலக்காக இல்லாமல் வடிவமைப்பின் அடிப்படையாக ஆயிற்று. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் சிக்னலுடன் கூடிய கடவை. மிதிவண்டிக்கும் நடைக்கும் தனிப் பாதைகள். கார் நிற்பதைப் பார்த்துக்கொண்டே ஒரு குழந்தை தரைமட்டத்தில் நிதானமாக நடந்துபோகக்கூடிய சாலை.

அது குறையற்றதாக இருக்கவில்லை. சிராக் தில்லி சந்திப்பில் சிக்னல் சுழற்சி சகிக்க முடியாத அளவு நீண்டது. பொறுமையிழந்து ஓடியவர்கள் உண்டு, விபத்துகளும் உண்டு. ஆனால் நாளேடுகளிலும் தொலைக்காட்சியிலும் கொதித்த சினம் நடப்பவருக்காக எழுந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பக்கத்துத் தடம் ‘காலியாக’ இருக்கையில் தாம் நிற்க நேர்ந்ததே என்ற கார்க்காரர்களின் சினம் அது. வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. நியாய பூமி என்ற அமைப்பு தொடுத்த அந்த வழக்கை நீதிமன்றம் 2012 அக்டோபரில் தள்ளுபடி செய்தது. சாலையில் எண்ணப்பட வேண்டியவை வண்டிகளா, மனிதர்களா என்ற கேள்வியில் நீதிமன்றம் மனிதர்களின் பக்கம் நின்றது என்பது என் வாசிப்பு. வழக்கில் வென்ற தடம் அரசியலில் தோற்றது. 2015இல் தில்லி அரசு அதைக் கைவிட முடிவெடுத்தது. 2016இன் தொடக்கத்தில் இயந்திரங்கள் வந்து பெயர்த்தன. நிறுத்தங்கள் மீண்டும் ஓரத்துக்குப் போயின.

அந்தச் சாலையோரம் 2008இல் ஐந்து வயதாக இருந்த குழந்தை அதைப் பெயர்த்தபோது பதின்மூன்று வயதை எட்டியிருக்கும். கார் தனக்காக நிற்கும் என்பதை எட்டு ஆண்டுகளும், நிற்காது என்பதை அதன்பின்பும் அது கற்றது. நகரம் தன் பிள்ளைகளுக்குக் காட்டிய முன்மாதிரி இது. இதற்கு எந்தச் சுற்றறிக்கையும் இல்லை.

தினேஷ் மோகன் 2021 மே மாதம் கோவிட் பெருந்தொற்றில் மறைந்தார். சாலைக் காயங்களைத் தடுப்பது பற்றி 2004இல் உலக நலவாழ்வு நிறுவனம் வெளியிட்ட உலக அறிக்கையின் பதிப்பாசிரியர்களுள் அவரும் ஒருவர். கல்வியை மட்டும் நம்பினால் மரணம் குறையாது என்பது அவர் பல பத்தாண்டுகளாகச் சலிக்காமல் சொல்லிவந்த செய்தி. சான்றுகளும் அவர் பக்கமே. டுப்பெரெக்ஸ், பன், ராபர்ட்ஸ் ஆகியோர் 2002இல் செய்த முறையான தொகுப்பாய்வு, பயிற்சியால் குழந்தைகளின் அறிவும் கடக்கும் நடத்தையும் மேம்படக்கூடும் என்று கண்டது. ஆனால் காயங்களும் மரணங்களும் குறைந்ததற்கு அவர்கள் தொகுத்த சோதனைகளில் சான்று கிடைக்கவில்லை. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: அச்சோதனைகளில் ஒன்றுகூட ஏழை நாடுகளில் நடத்தப்படவில்லை. நம் பள்ளிகளில் ஜனவரிதோறும் சாலைப் பாதுகாப்பு நிகழ்ச்சிகளின்போது சுவரொட்டி வரையும் பிள்ளைகள் எந்தச் சான்றின் அடிப்படையில் வரைகிறார்கள் என்பது முனைவர் பட்டத்துக்குத் தகுதியான தலைப்பு. யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் பெரியவரின் முன்மாதிரி வெறும் பேச்சா? நான் அந்த முடிவுக்கு வரவில்லை. வர விரும்பவும் இல்லை. ஸ்காட்லாந்தில் சூசன் ஸீடிக், லாரா கெல்லி இருவரும் கடவைகளில் பெரியவர்-குழந்தை இணைகளை மறைவாகக் கவனித்து 2003இல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. பெரியவர்கள் பெரும்பாலும் சரியாகவே கடந்தார்கள்; ஆனால் ஏன் நிற்கிறோம், எதைப் பார்க்கிறோம் என்று குழந்தையிடம் அரிதாகவே பேசினார்கள். பையன்களைவிடப் பெண் குழந்தைகளின் கையைத்தான் அதிகம் பிடித்துக்கொண்டார்கள். கை பிடிப்பது காப்பாற்றுகிறது, பேசுவதுதான் கற்பிக்கிறது. நானும் அன்று அவள் கையைப் பிடித்தேன், வாய் திறக்கவில்லை. சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை என்பதே உண்மை.

சொல்வதற்கு ஏதேனும் கிடைத்தது நீதிமன்றத்திலிருந்துதான். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர் ச. ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல மனுவைத் தாக்கல் செய்தார். நொறுங்கிய உடல்களை மேசையில் கண்டுகொண்டே இருந்த ஒருவரின் மனு அது. 2014இல் அதன் விளைவாக நீதிபதி கே. எஸ். இராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. அதே வழக்கில் 2025 மே மாதம், தடையற்ற நடைபாதை அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையைச் சேர்ந்தது என்று நீதிமன்றம் சொன்னது. அக்டோபரில், நடப்பவர்களின் பாதுகாப்புக்கான விதிகளை ஆறு மாதத்துக்குள் வகுக்குமாறு மாநிலங்களைப் பணித்தது. 1997இல் பேருந்துக்குள் இருந்த குழந்தையிடம் தொடங்கிய நீதிமன்றத்தின் பார்வை, சாலையோரம் நிற்கும் குழந்தையிடம் வந்துசேர இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. ஆணை சாலையாக மாற எவ்வளவு ஆகும் என்பதை பிஆர்டியின் கதையை அறிந்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

நாங்கள் இப்போது சிக்னல் வரை நடக்கிறோம். போக வர பதினைந்து நிமிடம் கூடுகிறது. முதல் இரண்டு நாள் அவளுக்குக் கால் வலித்தது. வழியில் எண்களைப் பெருக்குகிறோம், தமிழில் வண்டிகளின் நிறம் சொல்கிறோம். நடப்பவருக்கான பச்சை எரிந்தபிறகும் இடப்புறம் திரும்பும் வண்டிகள் நிற்பதில்லை. முதல் நாள் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “அவங்க நிக்கணும். நிக்கல. தப்பு அவங்களோடது, உன்னோடது இல்ல. இருந்தாலும் நாம காத்திருப்போம்” என்றேன். இப்போது ஒவ்வொரு நாளும் நிற்காத வண்டிகளை அவள் விரல்விட்டு எண்ணுகிறாள். திங்கட்கிழமை பதினேழு. நேற்று, ஆறு வரை எண்ணியபின், ஒரு பேட்டரி ரிக்ஷா ஓட்டுநர் கோட்டுக்கு முன்பாகவே நிறுத்தி, போ என்று தலையசைத்தார். பின்னால் வந்தவர்கள் ஒலிப்பானை அலறவிட்டார்கள். அவர் நகரவில்லை. பாதிச் சாலையில் அவள் என் கையை விடுவித்துக்கொண்டு திரும்பி, அவருக்கு டாட்டா காட்டினாள்.